எம்1 கார்பைன்

எம்1 கார்பைன் என்பது இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட, எடை குறைந்த குறுந்துப்பாக்கி ஆகும். ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு குண்டு மட்டும் வெளியேறும். அடுத்த தோட்டா தானாகவே உள்ளே ஏறிக்கொள்ளும். 1941-இல் ஏற்கப்பட்ட இத்துப்பாக்கி 1945-இல் போர் முடிவதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது. அப்போரில் அமெரிக்கா செய்த சிறு ஆயுதங்களுள் மிக அதிக எண்ணிக்கையில் வெளிவந்தது இதுவே.

போருக்குப் பின் இவற்றில் பல உபரிப் பொருளாகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. இன்று அமெரிக்காவில் பழைய இராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்போரிடையே பெரிதும் விரும்பப்படுபவற்றுள் எம்1 கார்பைனும் ஒன்று. ஒரு தொழிற்சாலையில் செய்த பாகம் மற்றொரு தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பதே இதன் உற்பத்தியின் அடிப்படை விதி. போர்க்காலத்தில் இராணுவத்துக்கு இது பெரும் வசதியாக இருந்தது. ஆனால் அதே காரணத்தால், இன்று சந்தைக்கு வரும் ஒரு கார்பைன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்தபடியே இருக்கிறதா என்று உறுதிசெய்வது கடினம். இதை வாங்குவது, வைத்திருப்பது, சுடுவது ஆகிய மூன்றையும் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி தேவை.

பெயர்

கார்பைன் என்ற சொல் தொடக்கத்தில் குதிரைப்படையினர் பயன்படுத்திய குட்டையான துப்பாக்கியைக் குறித்தது. குதிரை மேல் அமர்ந்தபடி நீண்ட துப்பாக்கியைக் கையாள்வது கடினம் என்பதால் குழலின் நீளம் குறைக்கப்பட்டது. பிற்காலத்தில், வழக்கமான காலாட்படைத் துப்பாக்கியைவிடக் குட்டையாகவும் எடை குறைவாகவும் உள்ள எந்த நீள்துப்பாக்கிக்கும் இப்பெயர் வழங்கலாயிற்று. பல கார்பைன்கள் ஏற்கெனவே இருந்த பெரிய துப்பாக்கியைக் குட்டையாக்கிச் செய்யப்பட்டவை. எம்1 கார்பைன் அப்படிப்பட்டதன்று. அதே காலத்தில் அமெரிக்கக் காலாட்படை பயன்படுத்திய எம்1 காரண்ட் துப்பாக்கியின் பெயரிலும் 'எம்1' இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு துப்பாக்கிகள்; தோட்டாக்களும் வேறு.

தேவை எழுந்த விதம்

படையில் எல்லோரும் முன்வரிசையில் நின்று சுடுபவர்கள் அல்லர். வண்டி ஓட்டுநர், பீரங்கிப் படையினர், சிறு பீரங்கி இயக்குவோர், தொலைத்தொடர்புப் பணியாளர், அலுவலர் எனப் பலருக்கு வேறு வேலை இருந்தது. 4.3 கிலோ எடையுள்ள எம்1 காரண்டைச் சுமந்துகொண்டு அந்த வேலையைச் செய்வது அவர்களுக்குச் சிரமம். அவர்களுக்கு வழங்கப்பட்ட கைத்துப்பாக்கியோ, நன்கு பயிற்சி பெறாதவர் கையில் சில பத்து மீட்டர் தொலைவுக்கு மேல் பயன்படவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் ஆயுதம் வேண்டும் என்ற கோரிக்கை 1938-இல் எழுந்தது. 1940-இல் அதற்கான வரையறைகள் முடிவாயின. எடை ஏறத்தாழ 5 பவுண்டு, அதாவது சுமார் 2.3 கிலோ இருக்கலாம். 300 கெஜம் வரை பயன்பட வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை.

புதிய துப்பாக்கிக்குப் புதிய தோட்டாவும் உருவாக்கப்பட்டது. வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய .32 தோட்டா ஒன்றை அடிப்படையாகக் கொண்டு அமைந்த இது .30 கார்பைன் எனப்படுகிறது. மெட்ரிக் அளவில் 7.62×33 மி.மீ. இதன் குண்டு 7.1 கிராம் எடை கொண்டது. நொடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. இதன் ஆற்றல் கைத்துப்பாக்கித் தோட்டாவைவிட இரு மடங்குக்கும் மேல்; காரண்டின் தோட்டாவோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு.

வடிவமைப்பும் 'கார்பைன் வில்லியம்ஸ்' கதையும்

போட்டிக்குப் பல நிறுவனங்கள் மாதிரிகளை அனுப்பின. தாமதமாகவே களத்தில் இறங்கிய வின்செஸ்டர் நிறுவனத்தின் பொறியாளர்கள், தங்களிடம் முன்பே சோதனையில் இருந்த ஒரு பெரிய துப்பாக்கியின் அமைப்பைச் சிறிதாக்கி, முதல் மாதிரியை ஏறத்தாழ இரண்டே வாரங்களில் செய்து முடித்தனர். திருத்தப்பட்ட மாதிரி 1941 இலையுதிர் காலத்தில் நடந்த சோதனைகளில் வென்று, எம்1 என்ற பெயரில் இராணுவத்தில் ஏற்கப்பட்டது.

இத்துப்பாக்கியை டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் என்பவர் தனியாகக் கண்டுபிடித்தார் என்று பரவலாக நம்பப்படுகிறது. வட கரோலினாவைச் சேர்ந்த வில்லியம்ஸின் கள்ளச்சாராய வடிப்பிடத்தில் 1921-இல் நடந்த சோதனையின்போது ஒரு காவல் அலுவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் சிறை சென்ற வில்லியம்ஸ், சிறைப் பட்டறையிலேயே துப்பாக்கி இயக்கமுறைகளை வடிவமைத்தார். விடுதலைக்குப் பிறகு வின்செஸ்டரில் சேர்ந்தார். 1952-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்து வெளிவந்த 'கார்பைன் வில்லியம்ஸ்' என்ற திரைப்படம் அவரையே இத்துப்பாக்கியின் தந்தையாகக் காட்டியது.

உண்மையில் எம்1 கார்பைன் ஒரு குழுவின் படைப்பு. குறுகிய தூரமே நகரும் வாயு பிஸ்டன் என்ற முக்கியமான கருத்து வில்லியம்ஸுடையது. முதல் மாதிரியைச் செய்தவர்கள் வில்லியம் ரோமர், ஃபிரெட் ஹியூமஸ்டன் முதலிய பிற பொறியாளர்கள். அவர்கள் அடிப்படையாகக் கொண்ட பெரிய துப்பாக்கியின் வேலையைத் தொடங்கியவர், புகழ்பெற்ற ஜான் பிரௌனிங்கின், தாய் வேறான சகோதரரான ஜோனதன் எட்மண்ட் பிரௌனிங்.

இயங்கும் முறை

துப்பாக்கியின் மொத்த நீளம் சுமார் 90 செ.மீ.; குழலின் நீளம் சுமார் 46 செ.மீ. தோட்டா இல்லாமல் எடை சுமார் 2.4 கிலோ. தோட்டாக்கள் அடியில் செருகப்படும் பெட்டி போன்ற மேகசினில் இருக்கும். முதலில் வந்த மேகசின் 15 தோட்டாக்கள் கொண்டது. பின்னர் 30 தோட்டாக்கள் கொண்டதும் வந்தது.

சுடும்போது குண்டின் பின்னால் வரும் உயர் அழுத்த வாயுவில் சிறு பங்கு, குழலின் அடியிலுள்ள துளை வழியாக ஒரு சிறிய பிஸ்டனைத் தாக்குகிறது. அந்தப் பிஸ்டன் சில மில்லிமீட்டர் மட்டுமே நகர்கிறது. ஆனால் அது கொடுக்கும் திடீர் இடி, கேரம் காயை விரலால் சுண்டுவதுபோல, எதிரே உள்ள நகரும் கட்டையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நகரும் கட்டை போல்ட்டைச் சுழற்றித் திறக்கிறது. வெற்றுக்கூடு வெளியே வீசப்படுகிறது. பின்னர் சுருள்வில் நகரும் கட்டையை முன்னுக்குத் தள்ள, அடுத்த தோட்டா உள்ளே ஏறி போல்ட் மீண்டும் பூட்டிக்கொள்கிறது.

பிஸ்டனை அடைத்து வைத்திருக்கும் மரை, உலோகத்தை அமுக்கி அசையாதபடி பூட்டப்பட்டிருக்கும். படைவீரர் அதைக் கழற்றித் துடைக்க வேண்டியதில்லை என்பதே நோக்கம். துடைக்க முடியாத இடத்தில் துரு பிடிக்கக் கூடாது என்பதால், துருவை உண்டாக்கும் உப்பு வகைகள் இல்லாத தீமருந்தே அமெரிக்க இராணுவத்தின் .30 கார்பைன் தோட்டாக்களில் தொடக்கம் முதல் பயன்படுத்தப்பட்டது. அக்காலத்து மற்ற இராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் துருவேற்றும் தீமருந்தே இருந்தது.

பத்து ஒப்பந்தக்காரர்கள்

இலட்சக்கணக்கில் துப்பாக்கி தேவைப்பட்டபோது துப்பாக்கித் தொழிற்சாலைகள் ஏற்கெனவே மற்ற வேலைகளில் மூழ்கியிருந்தன. ஆகவே உலோக வேலை தெரிந்த பிற நிறுவனங்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. முதன்மை ஒப்பந்தம் பெற்ற பத்து நிறுவனங்களுள் துப்பாக்கித் தொழிலில் பெயர் பெற்றிருந்தது வின்செஸ்டர் ஒன்றே.

- ஜெனரல் மோட்டார்ஸின் இன்லாண்ட் பிரிவு: சுமார் 26 லட்சம். மிக அதிகம் செய்தது இதுவே.
- வின்செஸ்டர்: 8 லட்சத்துக்கும் மேல்.
- அண்டர்வுட் தட்டச்சுப்பொறி நிறுவனம்: 5 லட்சத்துக்கும் மேல்.
- ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா ஸ்டீரிங் கியர் பிரிவு: 5 லட்சத்துக்கும் மேல்.
- நேஷனல் போஸ்டல் மீட்டர்: 4 லட்சத்துக்கும் மேல்.
- குவாலிட்டி ஹார்டுவேர்: சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம்.
- ஐ.பி.எம்.: சுமார் 3 லட்சத்து 46 ஆயிரம்.
- ஸ்டாண்டர்ட் புராடக்ட்ஸ்: சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம்.
- ராக்-ஓலா: சுமார் 2 லட்சத்து 28 ஆயிரம். இது காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸ் பெட்டிகள் செய்த நிறுவனம்.
- இர்வின்-பெடர்சன்: சில ஆயிரம் மட்டும். இதன் துப்பாக்கிகள் ஏற்புச் சோதனையில் தேறவில்லை. அத்தொழிற்சாலை சாகினாவின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது.

இந்த நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்யவில்லை. குழல், மரக்கட்டை, சுருள்வில், சிறு பாகங்கள் ஆகியவற்றைத் துணை ஒப்பந்தக்காரர்கள் செய்து கொடுத்தனர். ஒரு தொழிற்சாலையில் ஒரு பாகம் தட்டுப்பட்டால் மற்றொரு தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்பட்டது. எனவே, தொழிற்சாலையை விட்டுப் புதிதாக வெளிவந்த கார்பைனிலேயே இரண்டு மூன்று நிறுவனங்களின் அடையாளங்கள் இருப்பது இயல்பு. பாகங்களில் காணப்படும் சிறு எழுத்துக் குறிகள் இந்தப் பரிமாற்றத்தின் பதிவுகள்.

வகைகள்

எம்1: அடிப்படை வகை.

எம்1ஏ1: வான்குடைப் படையினருக்காக மடக்கும் உலோகக் கட்டை பொருத்தப்பட்டது. இன்லாண்ட் மட்டுமே சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் செய்தது. கட்டையைத் தவிர மற்ற பாகங்களில் எம்1-க்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

எம்2: ஒவ்வொன்றாகவும் தொடர்ச்சியாகவும் சுடக்கூடியது. போரின் இறுதிக் கட்டத்தில் வந்தது.

எம்3: இருளில் பார்க்க உதவும் அகச்சிவப்புக் கருவி பொருத்துவதற்காக அமைக்கப்பட்டது. மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டது.

போர்க்களத்தில்

ஐரோப்பா, பசிபிக் ஆகிய இரு களங்களிலும் கார்பைன் பயன்பட்டது. எடை குறைவு, உதை குறைவு, விரைந்து சுடும் வசதி ஆகியவற்றுக்காகப் பாராட்டப்பட்டது. கொரியப் போரில் புகார்கள் எழுந்தன. கடுங்குளிரில் எண்ணெய் இறுகி இயக்கம் தடைப்பட்டது. எதிரியின் தடித்த பஞ்சு உடையைக் குண்டு துளைக்கவில்லை என்றும் வீரர்கள் கூறினர். முதல் புகாருக்கு ஆதாரம் உண்டு. இரண்டாவதைப் பிற்காலச் சோதனைகள் ஆதரிக்கவில்லை. பதற்றத்தில் சுட்ட குண்டுகள் இலக்கில் படாமல் போயிருக்கலாம் என்பதே பலரது விளக்கம். தென்கொரியா, தென்வியட்நாம், பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனியின் பவேரியக் காவல்துறை எனப் பல நாடுகளின் படைகளுக்கும் காவல் பிரிவுகளுக்கும் கார்பைன்கள் வழங்கப்பட்டன.

போருக்குப் பின் நடந்த மறுசீரமைப்பு

போர் முடிந்ததும் கார்பைன்கள் இராணுவப் பட்டறைகளுக்குத் திரும்பின. அங்கே அவை முழுவதும் பிரிக்கப்பட்டு, பாகங்கள் வகைவாரியாகத் தனித்தனிக் குவியலாக வைக்கப்பட்டன. தேய்ந்தவை கழிக்கப்பட்டு, நல்லவற்றைக் கொண்டு மீண்டும் துப்பாக்கிகள் கட்டப்பட்டன. எந்தத் துப்பாக்கியிலிருந்து கழற்றிய பாகம் எதற்குப் போகிறது என்று யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய தேவையும் இல்லை.

அப்போது சில மாற்றங்களும் செய்யப்பட்டன. தொடக்க காலத்துப் பாதுகாப்புப் பூட்டு அழுத்தும் பொத்தானாக இருந்தது. மேகசினை விடுவிக்கும் பொத்தான் அதன் அருகிலேயே இருந்ததால், பூட்டைத் திறக்க முயன்றவர் மேகசினைக் கீழே விழவைத்துவிடுவது நடந்தது. எனவே சுழலும் நெம்பு பொருத்தப்பட்டது. குறிபார்க்கும் பின்துளை இரண்டு தூரங்களுக்கு மட்டும் மடங்குவதாக இருந்தது. அதன் இடத்தில் பக்கவாட்டிலும் தூரத்துக்கு ஏற்பவும் நகர்த்தக்கூடியது வந்தது. குழலைக் கட்டையோடு சேர்க்கும் வளையத்தில் துப்பாக்கிக் கத்தி மாட்டும் அமைப்பும் சேர்ந்தது.

பணி முடிந்த பட்டறைகள் பல, மரக்கட்டையில் தம் எழுத்துக் குறியைப் பதித்தன. இன்று கிடைக்கும் கார்பைன்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு ஒரு முறையோ பல முறையோ மறுசீரமைக்கப்பட்டவை.

உபரியாக வெளிவந்தது

1960களின் முற்பகுதியில் அமெரிக்க இராணுவம், தேசியத் துப்பாக்கிச் சங்க உறுப்பினர்களுக்கு எம்1 கார்பைன்களை ஏறத்தாழ 20 டாலருக்கு விற்றது. இராணுவத்துக்கு ஒன்றைச் செய்ய ஆன செலவே அதைவிட இரு மடங்குக்கும் மேல். அக்காலத்தில் இவற்றை அருங்கலப் பொருளாக யாரும் கருதவில்லை. வேட்டைக்கு ஏற்றபடி கட்டையை அறுத்தவர்களும், குழலுக்குப் பளபளப்பு ஏற்றியவர்களும், தொலைநோக்கிக்காகத் துளையிட்டவர்களும் பலர்.

1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டிலிருந்து இராணுவ உபரித் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1980களின் நடுவில், அருங்கலப் பொருள் எனப் பட்டியலிடப்பட்ட பழைய துப்பாக்கிகளுக்கு விலக்கு கிடைத்தது. அதன்பின் தென்கொரியாவிலிருந்து பெருமளவில் கார்பைன்கள் வந்தன. இறக்குமதியாளர் தம் பெயரைத் துப்பாக்கியில் பொறிக்க வேண்டும் என்பது சட்டம். அவ்வாறு பொறிக்கப்பட்டவை சேகரிப்போர் சந்தையில் சற்றுக் குறைந்த விலை பெறுகின்றன.

1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்படுத்திய சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு, இத்தாலி, ஆஸ்திரியா போன்ற நாடுகள் திருப்பித் தந்த கார்பைன்களை 2007 முதல் சில ஆண்டுகள் விற்றது. இவை இறக்குமதி வணிகர் வழியாக வராமல் அமெரிக்க இராணுவத்திடமே திரும்பியவை; ஆகவே வணிகர் பெயர் இல்லாதவை. இருப்பு தீர்ந்ததும் விலை ஏறியது. தென்கொரியா தன்னிடம் இருந்த பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளை விற்க 2009-இல் முயன்றபோது அமெரிக்க அரசு முதலில் இசைந்து, பிறகு தடுத்தது. 2013 ஆகஸ்டில், இராணுவ உபரித் துப்பாக்கிகளைத் தனியாருக்காகத் திரும்ப இறக்குமதி செய்யும் கோரிக்கைகளைப் பொதுவாக மறுப்பது என்ற கொள்கையை ஒபாமா அரசு அறிவித்தது. இன்று நல்ல நிலையில் உள்ள ஒரு போர்க்காலக் கார்பைனின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும்.

அமெரிக்கச் சட்ட நிலை

உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்குபவர் கூட்டரசின் படிவத்தை நிரப்பி, குற்றப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். உடனடிச் சோதனை முறை 1998 முதல் நடைமுறையில் உள்ளது. நீள்துப்பாக்கிக்குக் கூட்டரசுச் சட்டப்படி குறைந்தபட்ச வயது 18. சில மாநிலங்கள் இதை உயர்த்தியுள்ளன.

50 ஆண்டுகளுக்கு மேல் பழமையான, தன் பழைய வடிவிலேயே உள்ள துப்பாக்கிகள் அருங்கலப் பொருள் என வகைப்படும். இவற்றைச் சேகரிப்போருக்கென்று தனி உரிமம் உண்டு. அதைப் பெற்றவர் பிற மாநிலத்திலிருந்தும் நேரடியாகப் பெறலாம். ஆனால் ஒவ்வொரு வரவையும் போக்கையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த உரிமத்தைக் கொண்டு வணிகம் செய்யக் கூடாது.

சில மாநிலங்கள் 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களைத் தடைசெய்துள்ளன. கார்பைனின் பழைய 15 தோட்டா மேகசினும் இத்தடைக்குள் வரும். மடக்கும் கட்டைக்கும் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு.

மிகவும் கவனமாக இருக்க வேண்டியது எம்2 குறித்து. துப்பாக்கியின் மைய உடற்பகுதியான ரிசீவரில் எம்2 என்று பொறித்திருந்தால், உள்ளே எந்தப் பாகம் இருந்தாலும் அது சட்டப்படி இயந்திரத் துப்பாக்கியாகவே கருதப்படும். 1986 மே 19-க்குப் பிறகு பொதுமக்களுக்காகப் புதிய இயந்திரத் துப்பாக்கிகளைப் பதிவுசெய்ய இயலாது. பதிவில்லாத ஒன்றை வைத்திருப்பது கடுங்குற்றம். தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது, மாற்றியது வேறொருவர் என்ற விளக்கம் அதைச் சட்டப்படியான உடைமை ஆக்காது. எனவே, வாங்கும் முன் ரிசீவரின் முத்திரையைப் படித்துப் பார்ப்பது முதல் கடமையாகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சோதனை தொடங்கும் முன், மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். பிறகு கீழ்க்கண்டவற்றைப் பார்ப்பது வழக்கம்.

ரிசீவர்: இங்கேதான் உற்பத்தியாளர் பெயரும் தொடர் எண்ணும் இருக்கும். பின்னாளில் பொருத்தப்பட்ட பின்துளைக் குறிகாட்டி உற்பத்தியாளர் பெயரை ஓரளவு மறைக்கும். கழிவுக்காக வெட்டப்பட்ட ரிசீவர்களை ஒட்டவைத்து விற்றவர்களும் உண்டு. பற்றவைத்த தடம், நிற வேறுபாடு, வளைவு ஆகியவை தெரிந்தால் அதைச் சுடக் கூடாது.

குழல்: இத்துப்பாக்கியின் குழலைப் பின்புறமிருந்து துடைக்க முடியாது. வாய்ப்பகுதி வழியாகவே கம்பியைச் செலுத்திப் பல ஆண்டுகள் துடைத்திருப்பார்கள். இதனால் வாய்ப்பகுதி அகன்றுபோயிருக்கும். வெளியே புதிதுபோல் தெரியும் துப்பாக்கி குறி தவறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வாயின் தேய்வை அளக்கத் தனி அளவுகோல் உண்டு.

தோட்டா அறை இடைவெளி: பூட்டிய போல்ட்டுக்கும் தோட்டாவின் இருப்பிடத்துக்கும் இடையே உள்ள அளவு சரியாக இருக்க வேண்டும். மிகுந்தால் தோட்டாக்கூடு கிழிந்து வாயு பின்னோக்கி வரலாம். பல துப்பாக்கிகளின் பாகங்கள் கலந்திருப்பதால், வாங்கியதும் துப்பாக்கித் தொழிலாளர் ஒருவரிடம் கொடுத்து இதை அளப்பது கட்டாயம்.

நகரும் கட்டையும் போல்ட்டும்: விரிசல், முனை உடைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மரக்கட்டை: பின்புறத் தகட்டை ஒட்டிய இடத்தில் விரிசல் விடுவது உண்டு. எண்ணெய் ஊறி மென்மையான மரமும் குறி தவறச் செய்யும்.

வணிகப் பிரதிகள்: போருக்குப் பின் யூனிவர்சல், பிளெய்ன்ஃபீல்ட், ஐவர் ஜான்சன் முதலிய நிறுவனங்கள் பொதுச் சந்தைக்காக இதே வடிவில் துப்பாக்கிகள் செய்தன. இவை இராணுவ உபரி அல்ல. யூனிவர்சலின் பிற்கால வகைகளில் இராணுவப் பாகங்கள் பல பொருந்தா. விலையும் வேறு.

'அசல்' என்ற கேள்வி

சேகரிப்போர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையிலேயே உள்ளதை 'அசல்' என்பர். அத்தகைய கார்பைன் மிக அரிது. ஆகவே விலை அதிகம். விலை அதிகமானதால், பழைய பாகங்களைத் தேடி, மறுசீரமைக்கப்பட்ட துப்பாக்கியைத் தொடக்க கால வடிவத்துக்கு மாற்றும் பழக்கமும் வந்தது. தன் சேகரிப்புக்காகச் செய்து, விற்கும்போது அதைச் சொல்லிவிட்டால் அதில் தவறில்லை. சொல்லாமல் அசல் விலைக்கு விற்பது ஏமாற்று.

எம்1ஏ1 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரிசீவரில் எம்1ஏ1 என்ற தனி முத்திரை கிடையாது. ஓர் இன்லாண்ட் கார்பைனில் புதிதாகச் செய்த மடக்குக் கட்டையைப் பொருத்தி, வான்குடை வீரரின் துப்பாக்கி என்று கூறிவிட முடியும். கட்டையின் மரம், தோல், உலோக வார்ப்பு, முத்திரை ஆகியவற்றை அறிந்தவர்தான் வேறுபாட்டைக் காண முடியும். இர்வின்-பெடர்சன் பெயர் உள்ளவையும் அரிதானவை என்பதால் இதே எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.

மறுசீரமைக்கப்பட்ட துப்பாக்கி மதிப்பற்றது என்று இதற்குப் பொருளன்று. ஐ.பி.எம். ரிசீவரும், அண்டர்வுட் குழலும், பட்டறை முத்திரையுள்ள கட்டையும் கொண்ட ஒரு கார்பைன், கொரியப் போர்க் காலத்தில் இராணுவம் அதை எப்படி வைத்திருந்ததோ அப்படியே இருக்கலாம். அதன் எல்லாப் பாகங்களையும் ஐ.பி.எம். பாகங்களாக மாற்றினால், உண்மையான ஒரு வரலாறு அழிந்து, ஊகத்தில் அமைந்த ஒன்று அந்த இடத்தில் வந்துவிடும்.

அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற போர்வீரர்களுள் ஒருவரான ஆடி மர்ஃபியின் கார்பைன் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. போரில் அதன் மரக்கட்டை உடைந்தது. அவர் அதைக் கம்பியால் சுற்றிக் கட்டிப் பயன்படுத்தினார். தொடர் எண்ணை அவர் நினைவில் வைத்திருந்ததால், பல ஆண்டுகளுக்குப் பின் இராணுவக் கிடங்கில் அது அடையாளம் காணப்பட்டது. அதன் மதிப்பை நிறுவுவது எண் என்ற சான்றாகும். மெருகு குலையாத தோற்றமன்று.

சான்று இல்லாத கதைக்கு விலை கொடுக்க வேண்டாம் என்பது சேகரிப்போர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அறிவுரை. விற்பனைச் சீட்டு, முந்தைய உரிமையாளரின் கடிதம், சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் அளித்த சான்றிதழ் ஆகியவை இருந்தால் துப்பாக்கியோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

சுடுதல்

உதை குறைவாக இருப்பதால் புதிதாகப் பழகுபவரும் எளிதில் கையாளலாம். அதே காரணத்தால் இதை விளையாட்டுப் பொருளாக எண்ணும் ஆபத்தும் உண்டு. இதன் குண்டு பல நூறு மீட்டர் தாண்டியும் உயிரைப் பறிக்கும். பின்னால் உறுதியான மண்மேடு உள்ள களத்தில் மட்டுமே சுட வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு அணிவது அவசியம்.

இலக்கில் மிகத் துல்லியமான துப்பாக்கி என்று இதைச் சொல்ல முடியாது. 100 கெஜத்தில் ஏறத்தாழ 10 செ.மீ. வட்டத்துக்குள் குண்டுகள் அமைந்தால் நல்ல கார்பைன் எனலாம். 200 கெஜத்துக்கு மேல் குண்டு விரைவாகத் தாழும்.

சுடும்போது வரும் தடங்கல்களுக்குப் பெரும்பாலும் மேகசினே காரணம். அதன் வாய் வளைந்தோ சுருள்வில் தளர்ந்தோ இருந்தால் தோட்டா சரியாக ஏறாது. அடுத்து வருவது முக்கியச் சுருள்வில்லின் தளர்ச்சி. இவ்விரண்டையும் மாற்றினால் பல துப்பாக்கிகள் சீராக இயங்கும். பழைய சுருள்வில்லைத் தூக்கி எறியாமல் உறையிட்டு வைப்பது நல்லது.

புதிதாகச் செய்த தோட்டாக்கள் கடைகளில் கிடைக்கின்றன. பழைய உபரித் தோட்டாக்களில் அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்யப்பட்டவை துருவேற்றாதவை. வெளிநாட்டில் செய்த பழைய தோட்டாக்கள் சிலவற்றில் துருவேற்றும் தீமருந்து உண்டு. பிஸ்டன் அறையைக் கழற்றித் துடைக்க முடியாத இத்துப்பாக்கியில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. எங்கே செய்யப்பட்டது என்று தெரியாத தோட்டாவைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. ஒரு தோட்டா மெல்லிய ஒலியோடு வெடித்தால் உடனே நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும். குண்டு உள்ளே சிக்கியிருக்கும்போது அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

பராமரிப்பும் சேமிப்பும்

குழலை வாய்வழியே துடைக்கும்போது, கம்பி உரசாதபடி வாயில் ஒரு காப்புக் குமிழைப் பொருத்த வேண்டும். பிஸ்டன் மரையைத் தேவையின்றித் தொடக் கூடாது. சுட்டபின் போல்ட்டையும் நகரும் கட்டையையும் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசினால் போதும்.

மரக்கட்டையை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, முத்திரைகள் அழிந்துவிடும். மேற்பரப்பு அழுக்கை மென்துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெய் சிறிது பூசுவது வழக்கம். உலோகத்தின் சாம்பல் நிறப் பூச்சு மங்கியிருந்தாலும் மீண்டும் பூசாமல் விடுவதே நல்லது. பூசினால் வரலாற்று மதிப்பும் விலையும் ஒருசேரக் குறையும்.

துப்பாக்கியைத் தோட்டா நீக்கி, பூட்டிய இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும்; தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டி வைக்க வேண்டும். எண்பது ஆண்டுகள் கடந்தும் இது சுடக்கூடிய ஆயுதமே. குழந்தைகள் உள்ள வீட்டில் சுவரில் அழகுக்காக மாட்டி வைப்பதற்கு உரியதன்று. உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே தொடர் எண், வாங்கிய விவரம், சட்ட ஆவணங்கள் ஆகியவற்றை எழுதிவைத்தால், பின்வருவோர் அறியாமல் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்வதையும், வரலாற்றுப் பொருளொன்று பழைய இரும்பாகக் கைமாறுவதையும் தவிர்க்கலாம்.